குயில்ட் துணியில் தங்கத் தாமரை: ரப்பர் ஸ்டாம்பும் மெட்டாலிக் பெயின்ட்டும் வைத்துப் பதிக்கும் முழு முறை

குயில்ட் (மேல் துணி, நடுவே பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கிற விரிப்பு) பழக என் வீட்டுக்கு வருகிறவர்கள் ரப்பர் ஸ்டாம்பைக் கையில் வாங்கியதும், அதைக் கிண்ணத்தில் இருக்கிற தங்கப் பெயின்ட்டில் அப்படியே தோய்த்துவிடுவார்கள். நன்றாக மின்ன வேண்டும் என்கிற ஆசைதான். பதித்துத் தூக்கிப் பார்த்தால் தாமரை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஏதோ அப்பியிருக்கும். காய்ந்ததும் அந்த இடம் அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். ஊசி இறங்கவே இறங்காது.

துணிக்கென்று விற்கிற மெட்டாலிக் பெயின்ட்டில் பெரும்பாலும் உலோகம் கிடையாது. அப்ரகத் (மைக்கா) துகள்கள்மேல் டைட்டானியம் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு போன்றவற்றை மெல்லிய பூச்சாக ஏற்றியிருப்பார்கள். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டித் தகடு. பூச்சு மெல்லிசாக இருந்தால் காயும்போது தகடுகள் துணியோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், வெளிச்சம் பட்டதும் பளிச்சென்று திரும்பும். தடிமனாக இருந்தால் அவை கண்டபடி சாய்ந்து நின்று காயும், ஒளி சிதறும், தங்கம் மங்கிவிடும். ஆகவே கீழே வருகிற படிகளில் பாதி, பூச்சை மெல்லிசாக வைத்துக்கொள்வதற்கு. மீதிப் பாதி, அந்தப் பூச்சு துணியை விட்டுப் போகாமல் இருப்பதற்கு.

எடுத்துக்காட்டாக ஒரு சுவர் விரிப்பை வைத்துக்கொள்வோம். மெரூன் துணியில் ஒன்பது கட்டங்கள். ஒவ்வொன்றும் தைத்து முடித்த பிறகு 9 இன்ச் சதுரம். நடுவில் 3 இன்ச் தாமரை, நான்கு மூலைகளிலும் 1 இன்ச் மாங்காய். மொத்தம் 45 பதிப்புகள்.

1. வரிசையை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

துவை, இஸ்திரி போடு, பெரிய அளவில் வெட்டு, குறி வை, சோதனை செய், பதி, காயவை, சூடு கொடு, சரியான அளவுக்கு வெட்டு, இணை, குயில்ட் செய். இதில் எதையும் முன்பின்னாக மாற்ற வேண்டாம்.

அதிகம் பேர் மாற்றுவது வெட்டும் இடத்தில். தையலுக்கும் சேர்த்து 9½ இன்ச்சுக்கு முதலிலேயே வெட்டிவிட்டு அதன்மேல் பதிக்கிறார்கள். பதிப்பு கால் இன்ச் நகர்ந்தாலும் அந்தக் கட்டம் வீண். பெரிதாக வெட்டிப் பதித்தால், பதிந்த தாமரையை நடுவில் வைத்து அளந்து வெட்டிக்கொள்ளலாம். சூடு கொடுக்கும்போது துணி கொஞ்சம் சுருங்கினாலும் கவலையில்லை.

இன்னொரு ஆசை, மூன்று அடுக்கையும் சேர்த்துக் குயில்ட் செய்து முடித்தபின் மேலே பதித்துக்கொள்ளலாம் என்பது. தையல் ஓடிய இடம் பள்ளமாகவும் மற்ற இடம் மேடாகவும் இருக்கும். மேட்டில் மட்டும் பெயின்ட் ஒட்டும். அதனால் பதிப்பு எப்போதும் ஒற்றைத் துணியில்தான்.

2. துணி

நூறு சதவீதம் பருத்தி, நெருக்கமான நெசவு. பாப்ளின் நன்றாக வரும். மல் துணி கூடாது, அதன் இழை இடைவெளியில் பெயின்ட் இறங்கிக் கோடு உடையும். மினுமினுப்புத் தேய்த்த சாட்டின் பருத்தியும் வேண்டாம்.

கடையில் பருத்தி என்று சொன்னாலும் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். கடைசியில் கொடுக்கப்போகிற சூட்டைக் கலப்புத் துணி தாங்காது. அதனால்தான் இந்தச் சோதனையை இப்போதே செய்யச் சொல்கிறேன்.

நிறம் அடர்த்தியாக இருக்கட்டும். மெரூன், கருநீலம், கரும்பச்சை, கறுப்பு. பட்டுப் புடவை உடலில் ஜரிகை எடுப்பதும் இதே கணக்குத்தான். வெள்ளைத் துணியில் தங்கம் பதித்தால் நேராகப் பார்க்கும்போது கடுகு நிறமாகத் தெரியும், சாய்த்தால்தான் மின்னும். வெளிர் துணிதான் வேண்டுமென்றால் செம்பு நிறம் எடுங்கள், தங்கத்தைவிட அது எடுப்பாகத் தெரியும்.

நம் எடுத்துக்காட்டுக்கு 44 இன்ச் பன்னா (அகலம்) உள்ள துணி ஒரு மீட்டர். துவைத்த பிறகு மூன்று வரிசையில் மும்மூன்றாக 11 இன்ச் சதுரங்கள் ஒன்பது கிடைக்கும். பக்கத்தில் ஒரு பட்டை மிஞ்சும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சோதனைக்கு அதுதான்.

3. கஞ்சியை முழுதாக எடுங்கள்

புதுத் துணியில் நெசவுக்குப் போட்ட கஞ்சியும், கடையில் விறைப்பாகத் தெரிவதற்குப் போட்ட பூச்சும் இருக்கும். பெயின்ட் அதன்மேல் உட்காருமே தவிர இழையைப் பிடிக்காது. முதல் தடவை துவைக்கும்போது கஞ்சியோடு சேர்ந்து தங்கமும் உரிந்துவிடும்.

வெந்நீரில் சாதாரணச் சோப்புத்தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். அடர்நிறத் துணி சாயம் விடும். அலசுகிற தண்ணீர் தெளிவாகிறவரை அலச வேண்டும். அப்புறம் ஈரத்தோடு ஒரு வெள்ளைக் கைக்குட்டையை மேலே வைத்து அழுத்துங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் இன்னொரு முறை துவையுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவத்தைச் சேர்க்கவே கூடாது. அது இழைமேல் வழுவழுப்பாகத் தங்கிவிடும், பெயின்ட்டுக்குப் பிடிமானம் போய்விடும்.

காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் துணி தயார். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் கஞ்சி இன்னும் போகவில்லை.

லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிடுங்கள். ஒரு சின்ன மடிப்பு இருந்தால்கூட அந்த இடத்தில் பதிப்பில் வெள்ளைக் கீற்று விழுந்ததுபோல் இடைவெளி வரும். பிறகு 11 இன்ச் சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள்.

4. ஸ்டாம்ப்

கைவினைப் பொருள் கடைகளில் கட்டையில் ஒட்டிய ஸ்டாம்புகள் கிடைக்கும். எனக்குப் பிடித்த வழி வேறு. நம் ஊர்களில் கோர்ட்டுப் பக்கம், பத்திர ஆபீஸ் பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் செய்து தருகிற கடை ஒன்றாவது இருக்கும். நீங்கள் வரைந்த கோலத்தையே கொண்டுபோய்க் கொடுத்தால் செய்து தருவார்கள். அங்கே மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, தானே மை ஊறும் முத்திரை வேண்டாம். சாதாரணக் கைப்பிடி ஸ்டாம்ப்தான் வேண்டும். தானாக மை ஊறுகிற வகையில் மை உள்ளேயிருந்து வருகிறது, அதில் பெயின்ட் ஏற்றவே முடியாது.

இரண்டாவது, பள்ளம் ஆழமாக இருக்க வேண்டும். ஆபீஸ் முத்திரைக்கு மை தண்ணீர் மாதிரி இருப்பதால் ஆழம் தேவைப்படுவதில்லை. பெயின்ட் தயிர் பதத்தில் இருப்பதால் ஆழம் குறைந்த பள்ளம் இரண்டு பதிப்பிலேயே அடைத்துக்கொள்ளும். "அண்ணே, இது மைக்கு இல்ல, துணியில பெயின்ட் அடிக்க" என்று சொல்லிவிட்டால் தடிமனான ஷீட்டில் போட்டுத் தருவார்.

மூன்றாவது, கோடு. நான் வைத்திருக்கிற கணக்கு, கோடு 1½ மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். காகிதத்தில் அழகாக இருக்கிற நுணுக்கமான சிக்குக் கோலம் துணியில் ஒரே கூழாகப் போய்விடும். நாலு இதழ், தெளிவான இடைவெளி, அது போதும்.

அழிப்பானில் நீங்களே செதுக்குவதாக இருந்தால் மாங்காயின் வால் எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். பதிக்கும்போது திசை மாறிவிடும். கடைக்காரர் தானே திருப்பிக்கொள்வார், செதுக்கும்போது நாம்தான் திருப்ப வேண்டும்.

கோலத்தைச் சுற்றி உபரி ரப்பர் நீட்டிக்கொண்டிருந்தால் கூரான கத்தரியால் ஒட்ட வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஓரத்தில் தேவையில்லாத கீற்றுகள் பதியும்.

5. பெயின்ட்

பாட்டிலில் துணிக்கானது என்று போட்டிருக்க வேண்டும். ஃபெவிக்ரில், கேமல் போன்ற பெயர்களில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. துணிக்கென்று இல்லாத அக்ரிலிக் மெட்டாலிக் பெயின்ட்தான் கையில் இருக்கிறது என்றால், துணிக்கான மீடியம் (பெயின்ட் துணியோடு வளைந்துகொடுக்கக் கலக்கிற திரவம்) தனியாக வாங்கி, அந்தப் பாட்டிலில் சொன்ன அளவில் கலந்துகொள்ளுங்கள். மீடியம் இல்லாமல் பூசினால் துணி மடிகிற இடத்தில் வெடிக்கும். கேட்டுக்கு அடிக்கிற சில்வர் பெயின்ட் துணிக்கு ஆகவே ஆகாது. கிளிட்டர் பெயின்ட்டும் வேண்டாம், அதன் துகள் பெரியது, ஸ்டாம்பின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மெட்டாலிக் என்று ஒன்றும் பேர்ல் என்று ஒன்றும் இருக்கும். பேர்ல் ஊடுருவித் தெரியும் வகை. அடர்நிறத் துணியில் மினுக்கம் வரும், நிறம் முழுதாக எழும்பாது. தெளிவான தாமரை வேண்டுமென்றால் மெட்டாலிக் எடுங்கள்.

45 பதிப்புக்கு 15 மில்லி பாட்டில் இரண்டு தாராளம். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்குங்கள். பாதியில் தீர்ந்துபோய் அடுத்த மாதம் வாங்கினால் தங்கத்தின் நிறம் ஒரு பிடி மாறி வரலாம், பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் அது நன்றாகவே தெரியும்.

திறந்ததும் ஐஸ்குச்சியால் அடியிலிருந்து மெதுவாகக் கிளறுங்கள். அப்ரகம் அடியில் போய்ப் படிந்திருக்கும். குலுக்கினால் நுரை வரும், அந்த நுரைக் குமிழ்கள் பதிப்பில் பொத்தல் பொத்தலாக நிற்கும். பதம் கெட்டித் தயிர் மாதிரி இருக்க வேண்டும். வெயில் காலத்தில் இறுகினால் மீடியம் இரண்டு சொட்டு. தண்ணீர் ஊற்றிக் கரைக்காதீர்கள். ஓரம் கசியும், பசைச் சத்தும் குறைந்துவிடும்.

6. மேசைக்கு மெத்தை

வெறும் மேசையில் துணியைப் போட்டுப் பதித்தால் ஸ்டாம்பின் நடு மட்டும் பதியும் அல்லது ஒரு ஓரம் மட்டும் பதியும். ரப்பரும் துணியும் எல்லா இடத்திலும் தொட வேண்டுமென்றால் கீழே கொஞ்சம் கொடுக்கிற பரப்பு வேண்டும். கைக்கட்டையால் அச்சடிக்கிறவர்களும் மேசைமேல் அடுக்கடுக்காகத் துணி போட்டு இழுத்துக் கட்டித்தான் வேலை செய்கிறார்கள்.

ஐந்தாறு செய்தித்தாள், அதன்மேல் பழைய பருத்திப் போர்வை ஒரு மடிப்பு, அதன்மேல் சுருக்கமில்லாமல் இழுத்து டேப் ஒட்டிய பழைய வேட்டி. கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்கி, எடுத்ததும் எழும்ப வேண்டும். அதற்குமேல் மெத்தென்று இருந்தால் ஸ்டாம்ப் புதைந்து பள்ளத்துப் பெயின்ட்டும் பதிந்துவிடும். உங்கள் ஸ்டாம்புக்கும் கட்டைக்கும் நடுவே ஏற்கெனவே ஸ்பாஞ்ச் இருந்தால் போர்வையை எடுத்துவிட்டுத் தாளும் வேட்டியும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்விசிறியை அணைத்துவிடுங்கள். காற்றில் பெயின்ட் ஸ்டாம்பிலேயே காய ஆரம்பித்துவிடும், பாதிதான் துணிக்கு இறங்கும். சித்திரை வைகாசியில் நான் காலை ஏழு மணிக்கு முன்னால் பதித்து முடித்துவிடுவேன்.

7. குறி வைப்பது

இந்தப் படியில் ஒரு பெரிய பொறி இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

தண்ணீர் பட்டால் அழியும் நீலப் பேனா குயில்ட் செய்கிறவர்கள் எல்லாரிடமும் இருக்கும். அதைத் தண்ணீரில் அழிக்கும் முன் சூடு காட்டினால் அந்தக் கோடு நிரந்தரமாகத் தங்கிவிடும். நம் பதிப்புக்கோ, தண்ணீர் படுவதற்கு முன் சூடு கொடுத்தாக வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாது. சூட்டில் மறையும் பேனா அடர்நிறத் துணியில் வெளுத்த தடம் விட்டுவிடுகிறது. ஆகவே பேனாவே வேண்டாம்.

சதுரத்தை நாலாக மடித்து நகத்தால் கீறினால் நடுப்புள்ளி தெரியும். அது தாமரைக்குப் போதும். மூலை மாங்காய்க்கு, தேய்ந்துபோன குளியல் சோப்புத் துண்டின் கூரான ஓரத்தால் சின்னக் கூட்டல் குறி போடுங்கள். டெய்லர்கள் அடர்நிறத் துணியில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒன்று மட்டும் கவனம், பெயின்ட் விழப்போகிற இடத்தில் சோப்பு படக் கூடாது, அங்கே பெயின்ட் ஒட்டாது. குறியை மாங்காய்க்கு வெளியே, ஓரத்தில் வையுங்கள்.

மாங்காயை எவ்வளவு உள்ளே தள்ளுவது? 11 இன்ச் சதுரத்தை 9½ ஆக வெட்டுவோம், அதில் சுற்றிலும் கால் இன்ச் தையலுக்குள் போகும். முடிந்த கட்டத்தின் ஓரத்திலிருந்து முக்கால் இன்ச்சாவது உள்ளே இருக்கட்டும். அப்படியானால் இப்போதைய ஓரத்திலிருந்து 1¾ இன்ச். தையலுக்குள் பெயின்ட் போனால் அங்கே தடித்து, தையலின் இரு ஓரத்தையும் விரித்துப் படியவைக்க முடியாமல் போகும்.

முதலில் காகிதத்தில் பத்துப் பன்னிரண்டு பதித்து, வெட்டி, துணிமேல் பரப்பிப் பாருங்கள். மாங்காய் உள்நோக்கிப் பார்ப்பதா வெளிநோக்கிப் பார்ப்பதா என்பதைத் துணியில் பதித்த பிறகு மாற்ற முடியாது.

8. பெயின்ட்டை ஸ்டாம்பில் ஏற்றுவது

எல்லாம் இந்த ஒரு நிமிட வேலையில்தான் இருக்கிறது.

பிளாஸ்டிக் மூடியில் அரை ஸ்பூன் பெயின்ட்டை விட்டு, ஸ்பூனின் முதுகால் பரப்புங்கள். முகத்துக்கு மேக்கப் போடும் ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை அதில் ஒத்துங்கள். உடனே ஸ்டாம்புக்குப் போகாதீர்கள். மூடியின் காலி இடத்தில் இரண்டு முறை ஒத்தி, கூடுதலை அங்கே விட்டுவிடுங்கள். அப்புறம் ஸ்டாம்பை முகம் மேலே பார்க்கப் பிடித்துக்கொண்டு ஒத்துங்கள். இழுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. இழுத்தால் பெயின்ட் மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் இறங்கும்.

பிறகு ஸ்டாம்பை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேட்டுப் பகுதி முழுக்க ஒரே மாதிரி ஈர மினுக்கம் தெரிய வேண்டும். பள்ளத்தின் அடி ரப்பர் நிறத்திலேயே இருக்க வேண்டும். கோட்டின் இரு பக்கமும் வரப்பு கட்டினதுபோல் பெயின்ட் திரண்டு நின்றால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அதே ஸ்பாஞ்சின் உலர்ந்த பக்கத்தால் ஒரு முறை ஒத்தினால் அது ஏறிக்கொள்ளும். பள்ளத்தில் இறங்கியதைப் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிடலாம். கட்டையின் ஓரத்தையும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு.

ஒரு முறை பக்கத்து வீட்டுப் பெண் இந்த அளவைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா அக்கா, ஒண்ணுமே இல்லையே" என்றாள். இப்படியே ஒன்று பதி, உன் விருப்பப்படி ஒன்று பதி, இரண்டையும் காயவைத்துப் பார்ப்போம் என்றேன். மறுநாள் அவளே இரண்டையும் விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு, அவள் பதித்ததை எடுத்து ஒதுக்கி வைத்தாள். நீங்களும் அந்த மிச்சப் பட்டையில் இதைச் செய்து பார்த்துவிடுங்கள். குறைந்தது ஆறு சோதனைப் பதிப்பு. முதல் இரண்டும் நன்றாக வராது, புது ரப்பர் பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் பழக வேண்டும்.

9. பதிப்பது

மூன்று இன்ச் வரைக்குமான ஸ்டாம்பை நேராக இறக்குங்கள். தொட்ட பிறகு நகர்த்தவே கூடாது. உள்ளங்கையால் ஒரு முறை நேராக அழுத்தி, அப்புறம் விரல் நுனிகளால் நாலு மூலையும் நடுவும் தனித்தனியாக அழுத்துங்கள். தாளில் முத்திரை குத்துகிற பழக்கத்தில் பலர் முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். ஆட்டினால் இரட்டைக் கோடு விழும்.

எடுக்கும்போது ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நேர்மேலே தூக்குங்கள். பெயின்ட் பிசுபிசுப்பாக இருப்பதால் துணி ஸ்டாம்போடு சேர்ந்து எழும்பி வரும். பாதியில் விழுந்தால் தடம் கலங்கிவிடும்.

இதைவிடப் பெரிய ஸ்டாம்பாக இருந்தால் தலைகீழாகச் செய்யுங்கள். ஸ்டாம்பை முகம் மேலே பார்க்க மேசையில் வைத்து, துணியை அதன்மேல் கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து விரலால் தடவித் தடவி அழுத்தலாம். கோடு எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியும்.

எல்லாத் தாமரையையும் முதலில் பதித்துவிட்டு, அவை தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபின் மாங்காய்க்கு வாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் செய்தால் ஈரத் தாமரையில் முழங்கை படும். ஒவ்வொரு பதிப்புக்கும் பெயின்ட்டை மறுபடி ஏற்றுங்கள். ஒரே ஏற்றலில் இரண்டு பதித்தால் இரண்டாவது வெளிறிவிடும்.

10. தவறிப் பதிந்தால்

நடுவில் ஒரு துண்டு பதியாமல் போனால் அதே இடத்தில் ஸ்டாம்பை மறுபடி வைக்காதீர்கள், அதே தடத்தில் யாராலும் சரியாக வைக்க முடியாது. 00 நம்பர் தூரிகையில் துளி பெயின்ட் தொட்டுப் புள்ளி புள்ளியாக வைத்து நிரப்புங்கள். தூரிகையால் இழுத்த கோடு தனியாகத் தெரியும், புள்ளியாக வைத்தது கலந்துவிடும்.

வெற்றுத் துணியில் சொட்டு விழுந்தால் துடைக்க வேண்டாம், பரவும். கத்தி நுனியால் மேலாக வழித்தெடுத்துவிட்டு, ஈரப் பஞ்சுக் குச்சியால் வெளியிலிருந்து உள்நோக்கி ஒத்துங்கள். அப்படியும் கறை நின்றால் அதையே ஒரு கோலப் புள்ளியாக்கி, மற்ற கட்டங்களிலும் அதே இடத்தில் புள்ளி வைத்துவிடலாம். என் வீட்டுச் சுவரில் தொங்குகிற விரிப்பில் தாமரையைச் சுற்றி எட்டுப் புள்ளிகள் இருக்கின்றன. அவை வந்த கதை இதுதான்.

கோடே அடையாளம் தெரியாமல் அப்பிவிட்டால் அந்தச் சதுரத்தை விட்டுவிடுங்கள். இதற்காகவே ஒன்றிரண்டு சதுரம் கூடுதலாக வரும்படி துணி வாங்குவது நல்லது.

11. ஸ்டாம்பைக் கழுவுவது

அக்ரிலிக் பெயின்ட் காய்ந்தால் தண்ணீருக்கு இளகாது. ஐந்தாறு பதிப்புக்கு ஒரு முறை ஸ்டாம்பைச் சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, துணியில் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அடுத்த பதிப்பில் ஓரம் கசியும். யாராவது கதவைத் தட்டினால்கூட ஸ்டாம்பை ஈரத்துணிமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் வேண்டாம். ரப்பர் ஊதிவிடும் அல்லது இறுகிவிடும். வெயிலில் காயவைத்தாலும் வெடிக்கும்.

12. காயவைப்பது

தரையில் பழைய வேட்டி விரித்து, நிழலில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பிவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் துணி மடிந்து ஈரப் பெயின்ட் இன்னொரு பக்கத்தில் ஒட்டும். இருபத்து நாலு மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள் விடுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் நீராவி பெயின்ட்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

13. சூடு கொடுப்பது

பெயின்ட்டில் இருக்கிற பசைத் துகள்கள் சூட்டில் இளகி ஒன்றோடொன்று சேர்ந்து இழைகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் படியைத் தவிர்த்தால் பதிப்பு பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் துவைக்கத் துவைக்க உதிரும்.

இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் இருந்தால் கொட்டிவிடுங்கள். நீராவி கூடாது. பருத்திக்கான சூட்டில் வைத்து, மேசையில் சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணி விரித்து, பதித்த பக்கம் கீழே இருக்கும்படி சதுரத்தைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் இஸ்திரி போடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எவ்வளவு நேரம் என்பது பெயின்ட்டுக்குப் பெயின்ட் மாறும், பாட்டிலில் சொன்னதைப் பின்பற்றுங்கள். நான் ஒரு 3 இன்ச் தாமரைக்கு இரண்டு நிமிடம் கொடுக்கிறேன், பெட்டியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் மெதுவாக நகர்த்திக்கொண்டே. பெட்டியின் தட்டு நேரடியாகத் தங்கத்தின்மேல் படக் கூடாது. மெழுகு பூசிய தாளை நடுவில் வைக்காதீர்கள், மெழுகு உருகித் துணியில் இறங்கும்.

மூன்று நாள் கழித்து, இதே மாதிரி சூடு கொடுத்த சோதனைப் பட்டையை மட்டும் சோப்புப் போட்டுக் கையால் கசக்கித் துவைத்துப் பாருங்கள். அது தாங்கினால் கட்டங்களும் தாங்கும். உதிர்ந்தால் இன்னும் ஒரு சுற்றுச் சூடு கொடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். இந்தச் சோதனைக்கு முன் வெட்டவோ தைக்கவோ போகாதீர்கள்.

14. வெட்டி இணைத்துக் குயில்ட் செய்வது

தாமரையின் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் 4¾ இன்ச் அளந்து 9½ இன்ச்சுக்கு வெட்டுங்கள். கால் இன்ச் தையல். இனிமேல் எப்போது இஸ்திரி போட்டாலும் பின்பக்கத்திலிருந்து, அல்லது மேலே ஒரு துணி போட்டு.

பெயின்ட் பட்ட இடத்தில் ஊசி இறங்கினால் அந்த ஓட்டை மூடாது. அதனால் குண்டூசியும் டாக்கா தையலும் (அடுக்குகள் நகராமல் இருக்கத் தற்காலிகமாகப் போடுகிற தையல்) வெற்றுத் துணியில் மட்டும் இருக்கட்டும். குயில்ட் கோட்டையும் தாமரையின்மேல் ஓட்டாமல், அதைச் சுற்றிக் கால் இன்ச் விட்டு ஓட்டுங்கள். அந்த ஒரு சுற்று தைத்ததும் தாமரை தானாகவே மேலே எழும்பி நிற்கும், வெளிச்சம் இன்னும் நன்றாகப் பிடிக்கும். வெளியே இன்னும் ஒன்றிரண்டு சுற்று அதே வடிவத்தில் போகலாம்.

மெஷினுக்கு 14 நம்பர் புது ஊசி. மழுங்கிய ஊசி பெயின்ட்டைக் குத்தாமல் கிழிக்கும். எங்காவது பதிப்பின்மேல் தையல் போயே ஆக வேண்டுமென்றால் தையல் நீளத்தைக் கூட்டுங்கள், ஓட்டை எண்ணிக்கை குறையும். கையால் குயில்ட் செய்கிறவர்கள் பதிப்புப் பக்கமே போக வேண்டாம், விரல் நோகும், நூலும் தேயும்.

15. துவைப்பது, மடித்து வைப்பது

பதித்த பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, பச்சைத் தண்ணீரில், கையால். பிரஷ், கல், பிளீச்சிங் பவுடர் ஆகாது. ட்ரை கிளீனிங்குக்குப் போடாதீர்கள், அதில் சேர்க்கிற கரைப்பான் பெயின்ட்டை இளக்கிவிடும். பிழியாமல் நிழலில் விரித்துக் காயவையுங்கள். குழந்தை வாயில் வைத்துச் சப்புகிற விரிப்புக்கு இந்தப் பதிப்பைச் செய்வதில்லை என்று நான் வைத்திருக்கிறேன்.

பீரோவில் மடித்து வைக்கும்போது பதிப்பும் பதிப்பும் முகத்தோடு முகம் படாமல் நடுவே ஒரு மெல்லிய பருத்தித் துணி வையுங்கள். கோடை வெக்கையில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது ஒன்றின் தங்கம் இன்னொன்றோடு போய்விடும்.